தேனீ எப்போது மீனாகும்?

[திரையில்: பூவில் அமர்ந்த தேனீ. கீழே 'மீன்' என்ற எழுத்து.]

இது மீன். நான் சொல்லவில்லை, 2022-இல் கலிபோர்னியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னது.

அழிந்துவரும் உயிரினங்களைக் காக்கும் அந்த மாநிலச் சட்டத்தில் பறவை, பாலூட்டி, மீன், ஊர்வன, செடி என்றெல்லாம் பட்டியல் உண்டு. பூச்சி மட்டும் இல்லை. அப்படியானால் நான்கு வகை பம்பிள்பீ தேனீக்களை எப்படிக் காப்பது? சட்டத்தொகுப்பின் வரையறையைப் புரட்டினால், 'மீன்' என்ற சொல்லுக்குள் முதுகெலும்பில்லாத உயிர்களும் அடங்கும் என்று இருக்கிறது. தேனீக்கு ஏது முதுகெலும்பு? அது தண்ணீரில் வாழவேண்டும் என்றும் வரையறை கேட்கவில்லை. பலர் சிரித்தார்கள். எனக்கென்னவோ, எழுதியிருந்ததை நீதிபதிகள் ஒழுங்காகப் படித்தார்கள் என்றுதான் படுகிறது.

சரி, நிஜ மீனுக்கு வருவோம்.

[திரையில்: படகிலிருந்து கடலில் விழும் மீன்கள்.]

மெக்சிகோ வளைகுடாவில் ஒரு மீனவர். பிடித்ததில் பல மீன்கள் சட்டம் சொன்ன நீளத்துக்குக் குறைவு. அதிகாரி அளந்து வைத்துவிட்டுப் போனதும், மீனவர் அவற்றைக் கடலில் கொட்டச் சொல்லிவிட்டார். சாட்சியத்தை அழித்ததாக வழக்கு வந்தது. போட்ட சட்டம்தான் வேடிக்கை: பெரிய கம்பெனிகளின் கணக்கு மோசடிகளையடுத்து 2002-இல் வந்தது. ஆவணம், பதிவேடு, 'தொட்டறியக்கூடிய பொருள்' எதையும் விசாரணையைத் தடுக்க அழித்தால் 20 ஆண்டுவரை சிறை.

மீனைத் தொடலாம்தானே? 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதில் மீன் சேராது என்றது. அந்தச் சட்டத்தில் 'பொருள்' என்றால் ஹார்டு டிஸ்க் மாதிரி தகவல் தாங்கும் பொருள் என்பது முதன்மைக் கருத்து. ஆனால் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான் தீர்ப்பு. அந்த நால்வருக்கும் மீன் பொருள்தான்.

'பிள்ளை' என்று நாம் சொல்வதிலும் இதே இரட்டைப் பேச்சு உண்டு. 1989-இன் ஐ.நா. உடன்படிக்கையில் பொதுவாக 18 வயது நிரம்பாதவர் பிள்ளை. உயில் என்று வந்தால், 60 வயது மகனும் பிள்ளைதான்.

[திரையில்: சட்டத்தின் வரையறைப் பிரிவு.]

வரையறைப் பிரிவைப் படிக்கும்போது வினைச்சொல்லைப் பாருங்கள். 'என்று பொருள்படும்' என்றால் பொதுவாக வேலி போட்டாயிற்று. 'உள்ளடக்கும்' என்றால் கதவு திறந்திருக்கிறது. தேனீ நுழைந்தது அந்தக் கதவு வழியாக அல்ல; 'மீன்' வரையறையில் இருந்தது 'என்று பொருள்படும்'தான், ஆனால் அந்த வேலிக்குள்ளேயே முதுகெலும்பில்லாத உயிர்கள் இருந்தன. பிரிவின் தலையில், 'சூழல் வேறு பொருளை வேண்டினாலன்றி' என்றொரு வரியும் பல சட்டங்களில் இருக்கும். அது இருந்தால், ஒரே சட்டத்தின் இரண்டு பிரிவுகளில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் என்று வக்கீல் வாதாடலாம். வாதாடுகிறார்கள், ஜெயிக்கவும் செய்கிறார்கள்.