கேட் பென்சில் கோடாக இருக்கும்போதே டிராஃபிக் ஸ்டடி செய்யுங்கள்

வணக்கம் நண்பர்களே. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்போ, மாலோ, அலுவலக வளாகமோ கட்டுவதற்கு முன்னால், அதனால் சுற்றியுள்ள சாலைகளில் வண்டிகள் எவ்வளவு கூடும் என்று பார்க்க டிராஃபிக் ஸ்டடி என்று ஒன்று செய்வார்கள். அனுமதிக் கோப்பில் சேர்க்க வேண்டிய இன்னொரு காகிதம், அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் நிறைய. பிளான் வரைந்து முடிந்த பிறகு ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டு, "ஒரு ரிப்போர்ட் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள். என்னைக் கேட்டால், செலவு முழுதாக ஆகிறது, பலன் பாதிகூடக் கிடைப்பதில்லை. கேட் எங்கே என்பது இன்னும் பென்சில் கோடாக இருக்கும்போதுதான் இந்த ஆய்வு நிஜமாக உதவும். எப்படி என்று பார்க்கலாம்.

முதல் வேலை, இப்போது சாலையில் எத்தனை வண்டி ஓடுகிறது என்று எண்ணுவது. 15 நிமிடத்துக்கு ஒரு தொகுதியாக எண்ணி, அதிலிருந்து மிக நெரிசலான ஒரு மணி நேரத்தை எடுப்பார்கள். அலுவலகப் போக்குவரத்தைப் பார்ப்பதென்றால் வாரத்தின் நடு நாட்களில் எண்ணுவது வழக்கம். பள்ளி விடுமுறையில் எண்ணினால் சாலை காலியாகத் தெரியும், ரிப்போர்ட்டும் அழகாக வரும். அதனால் எண்ணிய தேதியைத்தான் நான் முதலில் தேடுவேன்.

அடுத்தது, புதுக் கட்டடம் எத்தனை பயணங்களைக் கொண்டுவரும் என்ற கணக்கு. அமெரிக்காவில் போக்குவரத்துப் பொறியாளர்களின் அமைப்பான ஐ.டி.இ. இதற்கென்றே பெரிய தொகுப்பு வைத்திருக்கிறது. அதன்படி ஒரு தனி வீட்டுக்கு வேலை நாளில் 9 பயணங்களுக்குச் சற்று மேல், மாலை பீக் அவரில் ஏறத்தாழ 1. போவது ஒன்று, திரும்பி வருவது ஒன்று என்று தனித்தனியாக எண்ணுவார்கள், அதனால்தான் 9 என்பது பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அந்த எண்களில் பெரும்பகுதி கார் இல்லாமல் நகர முடியாத புறநகர்களில் எடுத்தவை. பஸ்ஸும் ரயிலும் நடைதூரத்தில் இருக்கும் இடத்துக்கு அதை அப்படியே போட்டால் கணக்கு ஊதிப்போகும். தேவையில்லாமல் சாலையை அகலமாக்கி, பார்க்கிங் கட்டி, அந்தச் செலவு கடைசியில் வீட்டு விலையில் வந்து உட்காரும். கடைகளுக்குக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அந்த வழியாக எப்படியும் போகிறவர் நடுவில் உள்ளே நுழைந்து வாங்கிப் போனால், அவர் அந்தச் சாலைக்குப் புது வண்டி இல்லையே.

சரி, இப்போது கேட். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

வாசலில் ஒரே ஒரு பூம் பேரியர், அதாவது ஏறி இறங்கும் தடுப்புக் கம்பி, இருக்கிறது, ஒரு காரைச் சரிபார்த்து உள்ளே விட 12 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 300 கார் போகலாம். பீக் அவரில் வருவதோ 240 தான். சராசரியாக 15 விநாடிக்கு ஒரு கார். 12 விநாடியில் அனுப்பிவிடுகிறோம், அப்புறம் வரிசை எங்கிருந்து வரும் என்றுதான் தோன்றும்.

ஆனால் கார்கள் கடிகாரம் பார்த்துச் சீராக வருவதில்லை. முன்னால் ஒரு சிக்னல் பச்சையானால் ஐந்தாறு சேர்ந்து வரும், ஒருவர் பாஸைத் தேடிக்கொண்டு நிற்பார். வரிசை எவ்வளவு நீளும் என்று கணிக்கும் சாதாரண வரிசைக் கோட்பாட்டுச் சூத்திரத்தில் இதைப் போட்டால், 100 தடவை எட்டிப் பார்த்தால் 95 தடவைக்காவது போதுமான இடம் வேண்டுமென்றால், பேரியரில் நிற்கும் காரையும் சேர்த்து 13 கார் நிற்க இடம் விட வேண்டும். ஒரு காருக்கு 7 மீட்டர் என்றால் 90 மீட்டருக்கு மேல். அதே கேட்டுக்கு மணிக்கு 150 கார் மட்டும் வந்தால் 4 காருக்கு இடம் போதும். வண்டி ஒன்றரை மடங்கு சொச்சம் கூடியதற்கு வரிசை மூன்று மடங்குக்கு மேல் நீள்கிறது.

இதைப் பிளான் வரைவதற்கு முன்பே தெரிந்துகொண்டால், பேரியரைச் சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி வைக்கலாம், இரண்டு தடம் விடலாம், அல்லது வாசலையே சந்திப்பிலிருந்து தள்ளி பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோகலாம். அஸ்திவாரம் போட்ட பிறகு தெரிந்தால் காவலாளி கையில் ஒரு விசில் கொடுப்பதுதான் மிச்சம்.

சந்திப்புகளுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் போடுவதைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். ஏ மிக நல்லது, எஃப் மிக மோசம். சிக்னலில் ஒரு வண்டிக்குச் சராசரித் தாமதம் 80 விநாடியைத் தாண்டினால் அமெரிக்க முறையில் எஃப். பயனுள்ள அளவுகோல்தான், ஆனால் அது பார்ப்பது வண்டி ஓட்டுபவரின் காத்திருப்பை மட்டும். எஃப்பை டி ஆக்கச் சாலையை அகலப்படுத்தினால், நடந்து கடப்பவருக்குத் தூரம் கூடுகிறது. கலிபோர்னியா 2013 இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2020 ஜூலையிலிருந்து சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் இந்தத் தாமதக் கணக்கை விட்டுவிட்டது. கட்டடத்தால் வண்டிகள் மொத்தம் எவ்வளவு தூரம் கூடுதலாக ஓடும் என்பதைத்தான் இப்போது பார்க்கிறார்கள். ரயில் நிலையம் பக்கத்தில் கட்டுகிறவருக்கு இது சாதகம், ஊரைத் தாண்டிக் கட்டுகிறவருக்குப் பாதகம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

கடைசியாக ஒன்று. ஒரு ரிப்போர்ட் உங்கள் கைக்கு வந்தால், சுற்றிலும் ஏற்கெனவே அனுமதி வாங்கிய மற்ற திட்டங்களின் வண்டிகளையும் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒவ்வொருவரும், "எங்களால் 3 சதவீதம்தான் கூடும்" என்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் பொய்யே இல்லை. அப்படி ஐந்து பேர் ஒரே சந்திப்பில் வந்து சேர்ந்தால் 15 சதவீதம், அந்தச் சிக்னல் ஏற்கெனவே நிரம்பி வழிகிறதென்றால் அந்த 15ஐத் தாங்காது. அந்தக் கணக்கு ரிப்போர்ட்டில் இல்லையென்றால், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோவில் பார்க்கிங் கணக்கு.