மூன்று கிலோ நாய்க்கு ஒரு பிஸ்கட் என்றால் உங்களுக்கு எட்டு பிஸ்கட்!

வணக்கம். உங்கள் வீட்டில் மூன்று கிலோ எடையுள்ள பொமரேனியன் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாலையில் நீங்கள் தேநீர் அருந்தும் வேளையில் அது எதிரே வந்து அமர்ந்து, உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்களும் மனம் இளகி ஒரு மேரி பிஸ்கட்டைக் கொடுத்துவிடுகிறீர்கள். அதன் ஒரு நாள் உணவுத் தேவையோடு ஒப்பிட்டால், அந்த ஒரு பிஸ்கட் நீங்கள் ஏறத்தாழ எட்டு பிஸ்கட் தின்பதற்குச் சமம். நம்ப முடியாதவர்கள் கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1932ஆம் ஆண்டு மாக்ஸ் கிளைபர் என்னும் விஞ்ஞானி, எலி முதல் காளை வரையிலான விலங்குகளின் ஆற்றல் செலவை ஒப்பிட்டு, அது உடல் எடைக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை, எடையின் முக்கால் அடுக்கை ஒட்டியே ஏறுகிறது என்று காட்டினார். அது ஏன் முக்காலாக இருக்க வேண்டும் என்பதில் உயிரியலாளர்களிடையே வாதம் ஓயவில்லை. அவர்கள் வாதிடட்டும், நமக்குச் சூத்திரம் போதும்.

[திரையில்: கால்குலேட்டர்]

முக்கால் அடுக்கு என்றதும் மிரள வேண்டாம். வர்க்கமூலப் பொத்தான் உள்ள சாதாரணக் கால்குலேட்டரே இதற்குப் போதும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நாயின் எடையை மூன்று முறை எழுதிப் பெருக்குங்கள்: 3 × 3 × 3 = 27. இப்போது வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள், முதலில் 5.2, பிறகு 2.28 வரும். அதை 70ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 160 கிலோகலோரி. நாய் ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிடப்பதற்கே இவ்வளவு வேண்டும். கருத்தடை செய்யப்பட்ட, வளர்ந்த வீட்டு நாயென்றால் இந்த எண்ணை 1.6ஆல் பெருக்க வேண்டும், விடை 255. கருத்தடை செய்யாத நாய்க்கு 1.8ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 287.

இதே கணக்கை முப்பது கிலோ லாப்ரடாருக்குப் போட்டுப் பாருங்கள். படுத்துக் கிடக்க அதற்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 900 கிலோகலோரி. எடை பத்து மடங்கு, தேவையோ ஆறு மடங்கைக்கூட எட்டவில்லை! கிலோவுக்கு இவ்வளவு என்று பார்த்தால் சின்ன நாய்தான் பெரிய சாப்பாட்டுக்காரர். ஆனால் அதன் மொத்தக் கணக்கு மிகச் சிறியது என்பதால், கை தவறி விழும் பத்துக் கிராம் உலர் உணவு லாப்ரடாருக்குப் பொருட்டே அல்ல, பொமரேனியனுக்கோ நாள் தேவையில் ஏழில் ஒரு பங்கு.

இப்போது பிஸ்கட்டுக்கு வருவோம். ஒரு மேரி பிஸ்கட்டில் சுமார் 20 முதல் 25 கிலோகலோரி இருக்கும். நொறுக்குத்தீனி எல்லாம் சேர்ந்தும் நாள் தேவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. ஆக, ஒரே பிஸ்கட்டில் அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது. நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி உண்ணும் மனிதருடைய தேவை இந்த நாயினுடையதைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. தலைப்பில் உள்ள எட்டு வந்த வழி அதுதான். தாத்தா ஒன்று, அம்மா ஒன்று, பள்ளி விட்டு வரும் பிள்ளை ஒன்று என்று ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் வீடுகளில் யாருமே அதிகம் கொடுக்கவில்லை, ஆனால் நாய் மட்டும் உருண்டுகொண்டே போகும். அவித்த முட்டை ஒன்றில் சுமார் 75 கிலோகலோரி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

உலர் உணவு பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 முதல் 400 கிலோகலோரி தரும், உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். நம் கணக்கில் வருவது நாளொன்றுக்குச் சுமார் 70 கிராம். இதைக் கோப்பையால் அளக்காதீர்கள், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். சின்ன நாய்க்கு உணவுத் தராசு வாங்குவதை ஆடம்பரம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இனி கணக்கை மூடி வைத்துவிட்டுக் கையை நீட்டுங்கள், ஏனெனில் ஒரே எடையுள்ள இரண்டு நாய்களின் தேவைகூடக் கணிசமாக வேறுபடலாம். பொமரேனியனின் அடர்ந்த முடி எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால் கண்ணை நம்ப முடியாது. விரல்களால் விலா எலும்புகளை மெல்லத் தடவ வேண்டும். மூடிய முட்டியின் எலும்புகளைத் தடவுவது போலத் துருத்திக்கொண்டிருந்தால் நாய் மெலிந்திருக்கிறது. உள்ளங்கையைத் தடவுவது போல எலும்பே தட்டுப்படாவிட்டால் பருத்திருக்கிறது. நீட்டிய புறங்கையைத் தடவுவது போல இருந்தால் சரியாக இருக்கிறது. மருத்துவர்கள் இதையே இடுப்பு வளைவு, வயிற்றின் ஏற்றம் ஆகியவற்றோடு சேர்த்து ஒன்பது புள்ளி அளவுகோலில் மதிப்பிடுகிறார்கள். அதில் 4 அல்லது 5 நல்லது.

குட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நான்கு மாதம் ஆகும்வரை ஓய்வுநிலைத் தேவையைப் போல மூன்று மடங்கு வேண்டும், அதையும் நாளில் நான்கு வேளையாகப் பிரித்துத் தர வேண்டும். மிகச் சிறிய இனக் குட்டிகள் பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், தள்ளாடினால் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

வளர்ந்த நாயின் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை என்றால், 70 கிராமை 63 ஆக்கி, இரண்டு வாரம் கழித்து மீண்டும் எடை பாருங்கள். அதற்கு முன், இன்று உங்கள் வீட்டில் யார் யார் எத்தனை பிஸ்கட் கொடுத்தார்கள் என்று விசாரித்து, நாயின் எடையோடு சேர்த்துக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். தாத்தாவின் கணக்கை மட்டும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.