கண்டிப் புகையிரதப் பாதைக்கு மூன்று செலவுத் தொகைகள் ஏன்? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். கொட்டகலையிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் அனுப்பியுள்ள கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். "ஐயா, கொழும்பு–கண்டிப் பாதைக்கு 856,557 பவுண் செலவாகும் என்று கப்டன் மூர்சம் 1857இல் மதிப்பிட்டதாகச் சென்ற காணொளியில் சொன்னீர்கள். பிறகு 2,214,000 பவுண் என்று ஒரு தொகையையும், ஏறத்தாழ 873,000 பவுண் என்று இன்னொரு தொகையையும் வாசித்தேன். எது சரி? இடையில் யாராவது பணத்தைச் சுருட்டிவிட்டார்களா?"

மூன்றும் சரிதான், மகள். ஆனால் அவை மூன்றும் ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல. முதலாவது, மூர்சம் என்ற பொறியியலாளர் சில மாதங்கள் வழி பார்த்துவிட்டு எழுதிய மதிப்பீடு. இரண்டாவது, 1858 ஆகஸ்ட் 3இல் தேசாதிபதி சர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கிவைத்த பின்னர், பாதையைக் கட்ட முன்வந்த இலங்கைப் புகையிரதக் கம்பனியின் பொறியியலாளர் டோய்ன் திருத்திக் கொடுத்த மதிப்பீடு. மூன்றாவது, கம்பனியுடனான உடன்பாடு 1861இல் முடிவுக்கு வந்து அரசாங்கமே பொறுப்பேற்ற பிறகு, ஃபேவியல் என்ற ஒப்பந்தகாரர் கட்டுமானத்துக்காகக் கேட்ட விலை. 1867இல் கண்டிக்கு வண்டி ஓடியபோது, எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவு 17 இலட்சம் பவுணைத் தாண்டியிருந்தது. ஆகவே உங்கள் பட்டியலில் நான்காவதாக அதையும் எழுதிக்கொள்ளுங்கள். உண்மையில் கைவிட்டுப் போன பணம் அதுதான்.

மதிப்பீடு எப்படி இவ்வளவு வீங்கும் என்பதை ஒரு கணக்காகவே பார்ப்போம். மலையைக் குடையும் வேலைக்குக் கன யார் அளவில்தான் பணம் கொடுக்கப்படும். ஒரு கன யார் என்பது 27 கன அடி. நூறு அடி நீளம், இருபது அடி அகலம், இருபத்தேழு அடி ஆழம் கொண்ட ஒரு வெட்டு என்று வைத்துக்கொண்டால், 54,000 கன அடி, அதாவது 2,000 கன யார். முழுவதும் மண் என்று நினைத்து கன யாருக்கு ஒரு ஷில்லிங் போட்டால் 2,000 ஷில்லிங் ஆகும். தோண்டும்போது அதில் கால்வாசி பாறையாக இருந்து, வெடி வைத்து உடைக்க கன யாருக்கு நான்கு ஷில்லிங் ஆனால், மண்ணுக்கு 1,500உம் பாறைக்கு 2,000உம் சேர்ந்து 3,500 ஷில்லிங். கால்வாசிப் பாறை செலவை முக்கால் பங்கு உயர்த்திவிட்டது. விலைகள் விளக்கத்துக்காக நான் போட்டவை. ஆனால் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒவ்வொரு வெட்டிலும் நடக்கக்கூடிய கதை இதுதான். காடு மூடிய மலைக்குள் எவ்வளவு பாறை இருக்கிறது என்பது மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில் "மண்", "பாறை" என்று எழுதும் மனிதனின் பேனாவைச் சுற்றி அத்தனை சண்டை.

ஆனால், என் பார்வையில், பாறையைவிடப் பெரிய காரணம் வட்டிதான். கம்பனி இடும் மூலதனத்துக்கு ஆண்டுக்கு 6 வீத வட்டியை இலங்கை அரசாங்கம் உறுதிப்படுத்தியிருந்தது. செலவு கூடினால் கம்பனிக்கு நட்டமில்லை என்ற நிலையில், லண்டனில் இருக்கும் இயக்குநர்களுக்குச் சிக்கனம் பார்க்க என்ன அவசரம்? பொறுப்போ இலங்கைத் திறைசேரியின் தலையில். திறைசேரிக்குக் காசு வந்ததோ பெரும்பாலும் கோப்பியிலிருந்து. எனவே கோப்பித் தோட்டக்காரர்கள் கூச்சலிட்டதில் வியப்பில்லை. ஒப்பந்தகாரரிடம் பேசி முடித்த விலைக்கு வேலையைக் கொடுத்து, மோல்ஸ்வர்த் என்ற பொறியியலாளரை அரசாங்கத்தின் சார்பில் மேற்பார்வைக்கு வைத்தபோது, மிகைச் செலவின் வலி முதன்முறையாக வேலை செய்பவரின் பக்கம் திரும்பியது.

இன்னொரு நுட்பம். மூர்சம் திட்டமிட்ட ஏற்றம் 60 அடிக்கு ஓர் அடி. கட்டியதோ 45 அடிக்கு ஓர் அடி. செங்குத்தாக ஏறினால் பாதை குறுகும், கட்டுமானச் செலவு மிச்சமாகும். ஆனால் இறம்புக்கணையிலிருந்து வண்டியைப் பின்னால் தள்ள இன்னொரு எஞ்சின் வேண்டும். அதன் விறகும் நிலக்கரியும் ஆட்கூலியும் ஆண்டாண்டாக நடைமுறைச் செலவில் விழும். மூலதனக் கணக்கில் சிக்கனமாகத் தெரிவது வருமானக் கணக்கில் நிரந்தரச் சுமையாக உட்கார்ந்துவிடும். கணக்கீடு படிக்கும் பிள்ளைகள் இந்த இடத்தைக் கோடிட்டு வைக்கலாம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை 1900களின் தொடக்கத்தில் போட்ட தண்டவாள இடைவெளி இரண்டரை அடியான குறும்பாதையும் இதே சிக்கனத்தின் பிள்ளைதான். லொறிகளுடன் போட்டியிட முடியாமல் அது மூடப்பட்டது.

நானுஓயாப் பாதையைக் கண்டிப் பாதையுடன் தொகைக்குத் தொகை ஒப்பிட்டுவிடாதீர்கள். 1872 முதல் இலங்கையின் கணக்கு ரூபாய், சதத்துக்கு மாறியது. பிறகு வெள்ளி விலை சரிய, பவுணுக்கெதிராக ரூபாயும் சரிந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த தண்டவாளத்துக்கும் எஞ்சினுக்கும் பவுணில் பணம் கட்டவேண்டியிருந்தது.

கேள்வியின் கடைசிப் பகுதி, சுருட்டல். இந்தத் தொகைகளின் வித்தியாசத்தை மட்டும் வைத்து அப்படி ஒரு முடிவுக்கு வரமுடியாது. ஆனால் கூலி எங்கே தங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். என் தகப்பனார் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். காலையில் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக்களத்தில் நின்று, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர், அதாவது நாட்சம்பளம், போடுவார். முழுப்பேரா அரைப்பேரா என்பது அந்த ஒரு கோட்டில் தீரும். புகையிரதப் பாதையிலும் ஒப்பந்தகாரர், உப ஒப்பந்தகாரர், கங்காணி என்று மூன்று கை கடந்துதான் கூலி ஆளிடம் போகும். இதே ஃபேவியல் இந்தியாவில் போர்காட் மலைப்பாதையை எடுத்திருந்தபோது, 1859 ஜனவரியில் கூலி நிலுவைக்காக வேலையாட்கள் கலவரம் செய்தார்கள். அந்த ஆண்டே அவர் அந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார். திறைசேரிக்குப் போன பற்றுச்சீட்டில் இத்தனை கன யார், இத்தனை ஷில்லிங் என்றிருந்தால் கணக்கு சரி. அந்த மண்ணைச் சுமந்தவருக்கு எத்தனை நாள் பேர் விழுந்தது என்பதற்கு அந்தச் சீட்டில் நிரலே கிடையாது.