கோளாறு பேட்டரியிலா, வீட்டு வழக்கத்திலா?

நடுவர் அவர்களே! மின்கம்பி எட்டாத மலைவீட்டில் குடும்பம் திணறுவது கருவிக் குறையாலா, வீட்டு வழக்கத்தாலா என்பது தலைப்பு. கருவிதான் என்று முழங்கிய எதிரணி அண்ணன் தீர்வும் சொன்னார்: இன்னொரு பேட்டரி வாங்கு! கைதட்டலும் கிடைத்தது. வழக்கம்தான் என்பது எங்கள் அணி. கணக்கைப் பார்த்துவிடுவோம்.

கேரள எல்லையில் குமுளி, வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குள் ஒரு வீடு. 330 வாட் சோலார் பேனல் ஒன்று, 12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) ஈய-அமில டியூபுலர் பேட்டரி ஒன்று, பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் 1100 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) இன்வெர்ட்டர். நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் ஒரு யூனிட், அதாவது 1000 வாட்-மணி, வரும். பேட்டரி கொள்ளுவது 1.8 யூனிட்; ஆயுள் வேண்டுமானால் பாதிதான் எடுக்கலாம். 9 வாட் பல்பு நான்கும் ஐந்து மணி நேரம், டிவி மூன்று மணி நேரம், மிக்சி பத்து நிமிடம், செல்போன்கள். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து 0.6 யூனிட். தாராளம்! பாட்டியின் சீரியலுக்கு 150 வாட்-மணிதான், அதில் யாரும் கைவைக்க வேண்டாம். ஆனால் 750 வாட் இஸ்திரிப்பெட்டி அரைமணி ஓடினால் அதற்கே கிட்டத்தட்ட 0.4 யூனிட் போச்சு.

இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் வரத்து பாதிக்கும் கீழே இறங்கும். கம்பத்தில் வெயில் காயும்போது குமுளியில் கொட்டுவது உங்களுக்குத் தெரியாததா? அப்போது இரண்டாவது பேட்டரியை எது நிரப்பும்? குடத்தைப் பெரிதாக்கினால் ஊற்று பெருகுமா, அண்ணே? நாள்கணக்கில் அரைகுறைச் சார்ஜில் கிடந்தால் தகட்டில் ஈய சல்பேட் கெட்டிப்படும். ஒன்று சாகிற இடத்தில் இரண்டு சாகும்.

மிக்சிக்கு வருவோம். 750 வாட் மிக்சி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 70 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ராத்திரி எட்டு மணிக்குப் பாதி இறங்கிய பேட்டரியில் போட்டால் வோல்டேஜ் சரிந்து இன்வெர்ட்டர் கத்தி நிற்கும். உடனே "இன்வெர்ட்டர் மட்டம்" என்று தீர்ப்பு! அதே மிக்சியைப் பகல் பதினொரு மணிக்குப் போட்டுப் பாருங்கள். பேனல் ஒரு பங்கைக் கொடுக்கும், பேட்டரியும் தாங்கும். தேங்காய் மசாலாவும் இட்லி மாவும் பகல் வேலை ஆகட்டும். துணி தேய்ப்பது ஞாயிறு மதியம், வெயில் இருந்தால். வாரம் முழுக்க அந்தப் பகல்வேலை மருமகள் தலையில் மட்டும் விழுந்தால் முறை ஒரு மாதம் தாங்காது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நிழல்மரம் பேனலின் ஒரு மூலையை மறைத்தாலே வரத்து பெரிதாகக் குறையும். ஏலத்துக்கு நிழல் வேண்டும், மரத்தையும் வெட்ட முடியாது. அது வழக்கத்தின் குற்றமல்ல, பேனல் மாட்டிய இடத்தின் குற்றம்.

மற்றதெல்லாம் பழக்கம். பேட்டரிக்குள் டிஸ்டில்டு வாட்டர் அளவை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரின் உப்பு தகட்டைக் கெடுக்கும். யார் பார்ப்பது என்று பெயர் குறிக்காத வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. விடியற்காலை, வெயில் ஏறுமுன், எல்லாவற்றையும் அணைத்துச் சற்றுப் பொறுத்துப் பேட்டரியில் வோல்ட் மீட்டர் வையுங்கள்: 12.2 வோல்ட் என்றால் சுமார் பாதிதான் மிச்சம். மழையும் பிடித்திருந்தால் அன்று அம்மிதான். அந்த மீட்டரைத் தினம் பார்த்து அம்மியை எடுக்கச் சொல்லும் பேட்டரி எந்தக் கடையில் விற்கிறது? எதிரணி சொல்லட்டும்.