முதலில் சாம்பலை அள்ள வேண்டும்

(ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான லெந்து காலத்தில், ஈரோட்டை அடுத்த ஊர்ச் சபையொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அன்பான சபையாரே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

தை பிறந்தால் நம் பக்கத்துத் தோட்டங்களில் மஞ்சள் வேகிற வாசம் வந்துவிடும். இப்போது பாய்லர் வண்டி வந்து ஆவியில் வேகவைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறது. கொப்பரையில் வேகவைத்த காலத்தை இங்கே முன்வரிசையில் இருக்கிற பெரியவர்கள் அறிவீர்கள். அடுப்புக் கூட்டி, கொப்பரை ஏற்றி, கிழங்கு மூழ்கத் தண்ணீர் விட்டு, காய்ந்த மஞ்சள் தழை, கரும்புச் சோகை, தென்னை மட்டை என்று கையில் கிடைத்ததைப் போட்டு எரிப்பார்கள். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நுரை பொங்கி வாசம் மாறும். குச்சியால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். வேக்காடு குறைந்தால் கிழங்கு சீராக வராது. மிஞ்சினால் நிறம் கெட்டு, மண்டியில் விலை இறங்கும்.

ஒரு கொப்பரையை இறக்கி அடுத்ததை ஏற்றும் முன் அடுப்பைப் பார்க்கிறவர் செய்கிற முதல் வேலை, சாம்பலை இழுத்து வெளியே தள்ளுவது. சோகைச் சாம்பல் லேசானது. அது அடுப்பு வாயை அடைத்துக்கொண்டால் உள்ளே காற்றுப் போகாது. அப்புறம் எவ்வளவு மட்டையைத் திணித்தாலும் புகைதான் வரும், தீ எழும்பாது. விறகு போதாமல் அணைகிற அடுப்பைவிடச் சாம்பல் அடைத்து அணைகிற அடுப்பே அதிகம்.

லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். சர்வாங்க தகனபலியின், அதாவது முழுவதுமாக எரித்துச் செலுத்துகிற பலியின், பிரமாணம் 9ஆம் வசனத்தில் தொடங்குகிறது. பலி இராமுழுவதும் விடியும்வரை பீடத்தின்மேல் எரிய வேண்டும். விடிந்ததும் ஆசாரியன் செய்யவேண்டிய முதல் காரியம் என்ன? சணல்நூல் அங்கியைத் தரித்துக்கொண்டு சாம்பலை எடுக்கிறான். பீடத்துப் பக்கத்தில் கொட்டுகிறான். பின்பு அந்த வஸ்திரத்தைக் கழற்றி, வேறு வஸ்திரம் உடுத்திக்கொண்டு, பாளயத்துக்குப் புறம்பே சுத்தமான ஓர் இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறான். அதற்கப்புறம்தான் 12ஆம் வசனம்: காலைதோறும் கட்டைகளைப் போட வேண்டும். 13ஆம் வசனத்தில், அந்த அக்கினி ஒருபோதும் அவிந்துபோகலாகாது.

தியாகத்தைப் பற்றியும் விடாமுயற்சியைப் பற்றியும் நாம் தனித்தனியாகப் பிரசங்கம் பண்ணுகிறோம். லேவியராகமத்தில் இரண்டும் ஒரே வேலை. பலி என்பது ஒருநாள் வீரம் என்று நினைக்கிறவனுக்கு இந்த அதிகாரம் புரியாது. எண்ணாகமம் 28இல் நித்திய தகனபலிக்குக் கணக்கே இருக்கிறது. ஒரு வருஷத்துப் பழுதற்ற ஆட்டுக்குட்டி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒவ்வொன்றோடும் மரக்காலில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மா, காற்படி எண்ணெய். இன்றைய அளவில் ஏறத்தாழ 2 லிட்டர் மாவு, ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான எண்ணெய். அளவு சிறியது. ஆனால் பண்டிகை நாளென்று அது நிற்கவில்லை. பண்டிகைப் பலிகள் எல்லாம் இதற்கு மேலே சேர்த்துச் செலுத்தப்பட்டவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த முதல் தீயைப் பிரதான ஆசாரியனான ஆரோன் மூட்டவில்லை. லேவியராகமம் 9:24இல் அது கர்த்தருடைய சந்நிதியிலிருந்து புறப்பட்டது. தீ தேவனுடையது, கட்டை போடுவதும் சாம்பல் அள்ளுவதும் மனுஷனுடைய வேலை. நம்முடைய தியாகம் இரட்சிப்புக்குக் கொடுக்கிற விலை அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பலி கிறிஸ்துவால் ஒரேதரம் செலுத்தப்பட்டாயிற்று என்று எபிரெயர் 10ஆம் அதிகாரம் முடித்துவிட்டது. அதே நிருபம் 13:16இல், நன்மைசெய்வதையும் தானதர்மத்தையும் பலி என்று சொல்கிறது. மூட்டப்பட்ட தீயை அணையவிடாமல் காப்பதுதான் நம் பங்கு.

சரி, சாம்பல் என்றால் எது? நேற்று எரிந்து முடிந்த பலிதான் சாம்பல். அது குப்பையல்ல, அதனால்தான் சுத்தமான இடத்தில் கொட்டச் சொன்னார். ஆனால் பீடத்தின்மேல் அதற்கு இடமில்லை. “இந்தக் கட்டடம் எழும்பினபோது முதல் லோடு மணல் என்னுதுங்க” என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது சாம்பல். “போன வருஷம் லெந்தில் உபவாசத்தைப் பாதியில் விட்டேனுங்க, இனி எனக்கு வராது” என்பதும் சாம்பல்தான். முன்னது பெருமை, பின்னது குற்றவுணர்ச்சி. அடுப்பு வாயை இரண்டும் ஒரே மாதிரி அடைக்கின்றன. தினமும் காலை ஜெபத்தில் முதல் சில நிமிஷத்தை இதற்கு ஒதுக்குங்கள். நேற்றுச் செய்த நன்மையைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். நேற்றுத் தவறினதையும் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். அதற்கு அப்புறம் இன்றைக்கான கட்டை.

அந்தக் கட்டை எவ்வளவு பெரியதாக இருக்கலாம்? இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். லெந்து தொடங்குகிற சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிவரை எண்ணினால் 46 நாள். ஞாயிறு 6 கழித்தால் 40. முதல் வாரத்தில் இரண்டு வேளையும் பட்டினி கிடந்து, மூன்றாவது வாரம் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்கள் ஒவ்வொரு சபையிலும் உண்டு. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேரம் நின்று வேலை பார்க்கிற பிள்ளை, காலைச் சாப்பாட்டை விட்டால் மதியத்துக்குள் கண் இருட்டிவிடும். அந்தப் பிள்ளைக்கு நான் சொல்வது, சாயங்கால டீயோடு வாங்குகிற பஜ்ஜியை விடு. அந்தக் காசை அன்றைக்கே ஒரு டப்பாவில் போடு. டப்பா யாருக்குப் போகும் என்பதை முதல் நாளே தீர்மானி. ஏசாயா 58இல் உபவாசம் பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதில் போய் முடிகிறது. மிச்சம் பிடித்த பஜ்ஜிக் காசு செல்போன் ரீசார்ஜுக்குப் போனால் அது வெறும் சிக்கனம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேளை தவற வேண்டாம். மருந்து உள்ளே போய் உணவு போகாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி, வியர்த்து, நடுங்கி, மயக்கம் வரும்.

நம் தாய்மார் கடைப்பிடித்த கைப்பிடி அரிசி எனக்கு மிகவும் பிடித்த முறை. சமையலுக்கு அரிசி அளந்த பிறகு, அளந்ததிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். மூட்டையிலிருந்து எடுப்பதில்லை. மூட்டையிலிருந்து எடுத்தால் யாருக்கும் தெரியாது. அளந்ததிலிருந்து எடுத்தால் அன்றைக்குச் சோறு ஒரு பிடி குறையும், அது பலி. ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம் வரும். மாதம் ஒன்றரைக் கிலோ. 60 வீடுள்ள சபையில் 90 கிலோ. இதில் தவறு வருவது இரண்டு இடத்தில். மாதக் கடைசிவரை சேர்த்துவைத்தால் வண்டு விழும். ஆகவே வாரந்தோறும் கொண்டுவந்துவிடுங்கள், பானையில் காய்ந்த வேப்பிலை போடுங்கள். மற்றது, வீட்டுக்குப் பொன்னி அரிசி வாங்கிக்கொண்டு காணிக்கைப் பானைக்கு ரேஷன் அரிசி போடுவது. மல்கியா முதல் அதிகாரம் அதைத்தான் கேட்கிறது: கண் ஊனமானதையும் கால் ஊனமானதையும் கொண்டுவருகிறீர்களே, அதை உன் அதிபதிக்குச் செலுத்திப் பார். ரேஷன் அரிசியே சாப்பிடுகிற வீட்டிலிருந்து வருகிற ரேஷன் அரிசி பழுதற்ற பலி. 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறபடி, ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்.

தாவீது ராஜா பலிபீடம் கட்ட அர்வனாவின் களத்தை இலவசமாக வாங்க மறுத்து, 50 சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்தான். கொடுத்தது அவன் சொந்தக் காசு. வட்டிக்கு வாங்கிப் பொருத்தனை, அதாவது நேர்ந்துகொண்டதை, செலுத்துகிறவன், தன் பெண்டாட்டி பிள்ளைகள் இரண்டு வருஷம் தின்னவேண்டியதைச் செலுத்துகிறான். அப்பனாத்தாளுக்கு மருந்து வாங்காமல் ஆராதனை மேடைக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுப்பதற்கு மாற்கு 7இல் ஒரு பெயர் இருக்கிறது: கொர்பான், அதாவது தேவனுக்கென்று ஒதுக்கிவிட்ட காணிக்கை. இயேசு அதைக் கடிந்துகொண்டார். அப்படி வருகிற காணிக்கையைக் கமிட்டி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

வேறொருவர் தலையில் ஏற்றுகிற தியாகத்தைப் பற்றி இன்னும் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனிடம், “சிலுவையைச் சுமந்துகொண்டு இரும்மா” என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புகிற மூப்பர்களே, லூக்கா 9:23ஐ மறுபடியும் வாசியுங்கள். இயேசு அவனவன் தன் சிலுவையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறனுடைய பாவத்துக்கு முதுகு கொடுக்கச் சொல்லவில்லை. ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று சொன்னவரும் அவரே. பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினான். அவனைப் பொறுமையற்றவன் என்று யாரும் சொன்னதில்லை. குடும்ப வன்முறைக்கு எதிரான பாதுகாப்புச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. பெண்கள் உதவி எண் 181. அதை அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள்.

நம் ஊர் வரலாற்றிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். கோவையிலிருந்து அவிநாசி போகிற வழியில் இருக்கிற கருமத்தம்பட்டியில், 1846 அக்டோபர் 4 அன்று மரியோன் பிரெசியாக் என்கிற பிரெஞ்சுக் குரு ஆயராக அபிஷேகம் பெற்றார். இந்தியர்களையே குருக்களாக வளர்க்க வேண்டும் என்பது அவர் உறுதி. பல கருத்து வேறுபாடுகளுக்குப் பின் பொறுப்பைவிட்டு ஊர் திரும்பினார். 1856 டிசம்பர் 8 அன்று பிரான்சின் லியோன் நகரில் ஆப்பிரிக்காவுக்கான மிஷன் சபை ஒன்றைத் தொடங்கினார். 1859 மே 14 அன்று மேற்கு ஆப்பிரிக்காவின் பிரீடவுன் கரையில் இறங்கினார். ஜூன் 25 அன்று மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். ஆறே வாரம், வயது 45. இந்தக் கதையை இங்கேயே நிறுத்தித்தான் மேடைகளில் சொல்வார்கள். நான் பார்க்கச் சொல்வது லியோனில் மிஞ்சியிருந்த பிளாங்க் என்கிற குருவை. சாவுச் செய்தி வந்தபிறகு பொறுப்பை ஏற்றவர், 1907இல் தான் இறக்கும்வரை, 48 வருஷம், கடிதம் எழுதி, ஆள் சேர்த்து, பணம் திரட்டி, அந்தச் சபையை நடத்தினார். அது இன்றும் இருக்கிறது. பிரெசியாக்கின் பலி ஆறு வாரத்தில் எரிந்து முடிந்தது. பிளாங்க் காலைதோறும் கட்டை போட்டார்.

பொறுமை என்று நம் வேதம் மொழிபெயர்த்திருக்கிற கிரேக்கச் சொல் ‘ஹுப்போமொனே’. பாரத்தின் கீழே நிலைத்திருப்பது என்று பொருள். அப்படி நிலைத்திருக்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொள்கிற மருமகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பெலும்பின் பக்கவாட்டில் தோல் சிவந்து படுக்கைப்புண் வரும். இராத்திரியிலும் எழுந்திருக்க வேண்டும். முதல் மாதம் சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவார்கள். மூன்றாவது மாதம் யாரும் வரமாட்டார்கள். அவளுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், குறைந்திருப்பது தூக்கம். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொண்டுவந்தது பிரசங்கம் அல்ல. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். தின்றான், தூங்கினான், மறுபடி எழுப்பித் தின்னவைத்தார். நாற்பது நாள் நடந்தது அதற்கப்புறம்தான்.

அடுப்புக்கு விறகை ஒரே ஆள் சுமந்தால் தாங்காது. நெகேமியா 10:34ஐப் பாருங்கள்: ஆலயத்துக்கு விறகு காணிக்கை கொண்டுவர, குடும்பம் குடும்பமாக, குறித்த காலத்தில், சீட்டுப்போட்டு முறை வைத்தார்கள். இந்தச் சபையில் படுத்த படுக்கையாக இருக்கிறவர்களின் வீடுகளுக்கு அப்படி ஒரு முறை வையுங்கள். இரண்டு பேராகப் போங்கள்; வாரத்தில் ஒருநாள், மூன்று மணி நேரம். புரட்டிப் படுக்கவைக்கும் முறையைச் செவிலியராக இருக்கிற சகோதரிகளிடம் முன்பே கற்றுக்கொள்ளுங்கள். தூக்கும்போது இழுக்கக்கூடாது, இழுத்தால் தோல் உரியும். கீழே விரித்த போர்வையோடு சேர்த்து இருவரும் ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். அந்த மூன்று மணி நேரமும் மருமகள் தூங்கட்டும். அவளை எழுப்பி ஜெபம் பண்ண வேண்டாம். சாப்பாடு கொண்டுபோனால் திருப்பித் தரவேண்டாத பாத்திரத்தில் கொண்டுபோங்கள். போசி கழுவி வைக்கிற வேலை அவளுக்கு வேண்டாம்.

இந்த முறைக்குச் சீட்டு எழுதுகிறபோது பெயருக்கு நேராகக் கிழமையையும் மணியையும் எழுதுங்கள். “முடிந்தபோது வருகிறேன்” என்கிற சீட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெளியே வாசலில் மேசை போட்டிருக்கிறது. பேனாவும் இருக்கிறது.