ஏழு ஊற்றும் ஒரு கற்பனைக் குடியும்

நேயர்களுக்கு வணக்கம். இரண்டு வருடமாக ஒரு கற்பனைக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கடலோரக் காட்டில் வாழும் ஒரு பழங்குடி, எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். முதல் வரைவில் அவர்களுக்கு ஆயிரம் படி வைத்த கோயில், தங்கக் கண் பதித்த தெய்வம், நீளத் தாடி வைத்த தலைமைப் பூசாரி எல்லாம் கொடுத்துவிட்டேன். அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினால், அவர் பாக்கு வெட்டிக்கொண்டே, "உந்தக் கோயில் விளக்குக்கு எண்ணெய் ஆர் குடுக்கிறது?" என்றார்.

பதில் இல்லை.

திருகோணமலையில் பிறந்துவிட்டு இந்தக் கேள்வியில் மாட்டியது வெட்கம்தான். எங்கள் ஊர்க் கோணேசர் கோயிலின் கதையைச் சொல்லும் 'கோணேசர் கல்வெட்டு' என்ற பழைய நூலை விரித்தால், குளக்கோட்டன் என்ற மன்னன் தானத்தார், வரிப்பத்தார் என்று குடிகளை இருத்தி, யார் யார் என்ன கோயில் தொண்டு செய்ய வேண்டும் என்று பிரித்துக் கொடுத்த கதைதானே வருகிறது. 1622இல் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்தார்கள், கல் அவர்கள் கட்டிய கோட்டைக்குப் போனது. ஆனாலும் பிரித்தானியர் காலக் குறிப்புகளைப் பார்த்தால், மலை விளிம்பில் நின்று பூவையும் பழத்தையும் கடலுக்குள் போட்டுப் பூசை செய்திருக்கிறார்கள். கட்டடம் போனாலும் முறை போகவில்லை.

சரி, கோயிலைக் கதையிலிருந்து தூக்கினேன். அப்புறம் இலங்கையின் பழங்குடியான வேடர்களைப் பற்றிச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். வருகே என்ற அவர்களுடைய குலம் தாய்வழியில் வருகிறது. செத்துப்போன சொந்தக்காரருக்குத்தான் படையல், அவர்தான் தேனுக்கும் வேட்டைக்கும் துணை வரவேண்டும். எனக்கு இது பிடித்துப்போனது, தெய்வம் என்றாலும் வீட்டு ஆள்தான், கோபித்துக்கொள்ளவும் செய்வார்.

இடம் மட்டும் கிடைக்கவில்லை. அது திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னியாவில் கிடைத்தது. ஏழு சின்ன வெந்நீர்க் கிணறுகள், பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. ஒன்றில் வாளியை விட்டு மேலில் ஊற்றினால் இதமாக இருக்கும், இன்னொன்றில் தோள் சட்டென்று சுருங்கும். இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டானவை என்பது ஐதிகம், நம் ஆட்களும் அங்கே இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை செய்வது வழக்கம்.

ஆகவே என் பழங்குடிக்கு ஏழு குலம், குலத்துக்கு ஓர் ஊற்று. தாயின் ஊற்றில்தான் பிள்ளை அள்ளலாம். மற்ற ஊற்றில் வாளியை விட்டால் குற்றம். இறந்தவருக்கு அவருடைய குலத்து நீர்தான் வார்க்க வேண்டும். இங்கேதான் சிக்கல்: தகப்பன் செத்தால் மகளால் அள்ள முடியாது, ஏனென்றால் அவள் வேறு குலம். தகப்பனின் தங்கை மகன், அதாவது மச்சான், அவன்தான் அள்ளிக் கொடுக்க வேண்டும். அவனோடு இவளுக்குக் காணிச் சண்டை, மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வெறும் வாளியோடு அவன் படலையடியில் போய் நிற்கிறாள்.

இதை வாசித்தபோது அம்மம்மா பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பிறகு? அவன் தண்ணி குடுத்தானோ?"

இன்னும் எழுதவில்லை அம்மம்மா.