ரேஸ் புக்குல வெயிட் பாக்கத் தெரியுமா? ஹேண்டிகேப் கணக்கு, எளிமையா

எல்லாருக்கும் வணக்கம், காரைக்குடியிலேருந்து பேசுறேன். நம்ம பக்கம் எல்கைப் பந்தயம் பாக்காத ஆளே கிடையாது. பெரிய மாடு தனி, நடு மாடு தனி, சின்ன மாடு தனி. பெரிய மாட்டோட பூஞ்சிட்டை, அதாவது ரொம்பச் சின்ன மாட்டை, யாரும் விட மாட்டாங்க. குதிரை ரேஸ்ல விடுவாங்க. பலமான குதிரைக்கு எடையைக் கூட்டி, பலம் குறைஞ்சதுக்கு எடையைக் குறைச்சு, எல்லாத்துக்கும் சமமா வாய்ப்பு வர்ற மாதிரி பாப்பாங்க. அதுதான் ஹேண்டிகேப்.

இந்தா, ரேஸ் புக்கை, அதாவது அன்னைக்கு ஓடுற குதிரைங்க விவரம் போட்ட புத்தகத்தை, கேமரா கிட்ட வைக்கிறேன். மேல "ரேட்டிங் 20 முதல் 45"னு போட்டிருக்கு பாருங்க. ரேட்டிங்னா குதிரையோட திறமைக்குக் குடுக்குற மார்க். அதுல ஒரு பாயிண்ட்னா அரைக் கிலோ. 45 ரேட்டிங் குதிரை 60 கிலோ சுமந்தா, 30 ரேட்டிங் குதிரை 52.5 கிலோ சுமக்கும். ஜாக்கி, சேணம் எல்லாம் சேத்துத்தான் இந்த எடை. பத்தலைன்னா ஈயத் தகடு வச்சு நிரப்புவாங்க. அப்ரண்டிஸ், அதாவது பயிற்சியில இருக்குற ஜாக்கி ஏறுனா எடையில சலுகை உண்டு, அதையும் கழிச்சுக்கங்க.

புதுசா வர்றவங்க இடறுற இடம் ஒண்ணு இருக்கு. வெயிட் கம்மி, அதனால இது ஜெயிக்கும்னு நினைச்சுடுறாங்க. 43 ரேட்டிங் குதிரையை எடுத்துக்கங்க. 20-45 ரேஸ்ல அது கிட்டத்தட்ட டாப் வெயிட், அதாவது அந்த ரேஸ்லயே அதிக எடை. அதே குதிரை 40-65 ரேஸ்ல ஓடுனா, டாப் வெயிட் ரெண்டுலயும் ஒண்ணா இருந்தா, 10 கிலோ குறையும். குறைஞ்சது எடைதான், எதிர்ல நிக்கிறதெல்லாம் பெரும்பாலும் அதைவிட ரேட்டிங் கூடுன குதிரை. பழகுன ஆளுங்க இதைத் திருப்பிப் பாப்பாங்க: மேல் கிளாஸ்ல அஞ்சாவது ஆறாவதா வந்துக்கிட்டிருந்த குதிரை, ரேட்டிங் இறங்கி கீழ் கிளாஸ்ல டாப் வெயிட்டோட வருதா? அதை வட்டம் போட்டு வச்சுக்கங்க.

இப்ப கணக்கு. பேனா எடுத்துக்கங்க. லெங்த்னா ஒரு குதிரையோட நீளம், ஜெயிச்ச இடைவெளியை அதுலதான் சொல்லுவாங்க. 1000, 1200 மீட்டர்ல ஒரு லெங்த்னா சுமார் ஒண்ணரைக் கிலோ. 1600 மீட்டர்ல ஒரு கிலோ. தூரம் கூடக் கூட ஒரு லெங்த்துக்கான எடை குறையும். போன தடவை 1200-ல ரெண்டு குதிரையும் 55 கிலோ, முதல் குதிரை ரெண்டு லெங்த்ல ஜெயிச்சுது. ரெண்டு லெங்த்னா மூணு கிலோ. இந்தத் தடவை ஜெயிச்சது 59 கிலோ, தோத்தது 54.5. வித்தியாசம் நாலரைக் கிலோ. அப்ப காகிதத்துல தோத்த குதிரைதான் ஒரு லெங்த் முன்னாடி நிக்குது.

காகிதம் பொய்க்கிற இடமும் இருக்கு. ஜெயிச்ச குதிரை கடைசி 100 மீட்டர்ல சாட்டையே படாம சும்மா வந்திருந்தா, அந்த ரெண்டு லெங்த் உண்மையில நாலா இருக்கலாம். அதனால ரிசல்ட்டை மட்டும் நம்பாதீங்க, வீடியோ பாத்தே ஆகணும். அடுத்தது தரை. தரை எவ்வளவு இளக்கம்னு அளக்குற பெனட்ரோமீட்டர் எண் கூடுனா தரை இளகியிருக்குன்னு அர்த்தம். காஞ்ச தரையில பறந்த குதிரை மழை பெஞ்ச மறுநாள் திணறலாம். ரொம்ப நாள் ஓடாம வர்ற குதிரைன்னா, சமீபத்துல மாக் ரேஸ்ல (ஒத்திகை ரேஸ்), டிராக் ஒர்க்ல (பயிற்சி ஓட்டம்) எப்படிப் போச்சுன்னு பாருங்க. அந்தத் தகவலே இல்லைன்னா அந்த ரேஸை விட்டுடுறது நல்லது.

பழகுனவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஜெயிச்சா எவ்வளவு வரும்னு காட்டுற போர்டைப் பாக்கறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு குதிரைக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம்னு எழுதிடுங்க, கூட்டுனா 100 வரணும். டோட்ல, அதாவது கிளப்போட பந்தயக் கவுண்டர்ல, டிவிடெண்ட், அதாவது ஜெயிச்சாத் திரும்ப வர்ற பணம், 10 ரூபாய்க்குத்தான் சொல்லுவாங்க. 25 சதவீதம்னு எழுதுன குதிரைக்கு 40 ரூபாய் வந்தாத்தான் சரிக்குச் சரி. போர்டுல 35 நின்னா, எவ்வளவு பிடிச்ச குதிரையா இருந்தாலும் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. 60 நின்னா யோசிக்கலாம். ரேஸ் நடத்துற கிளப்பும் ஒரு பங்கு பிடிச்சுக்கும், வரியும் இருக்கு. 2025 செப்டம்பர்லேருந்து ஜிஎஸ்டி 40 சதவீதம். அதனால சின்ன லாபம் தெரியுதுன்னு இறங்குறது சுத்தமா வேலைக்கு ஆகாது.

குதிரை ரேஸ் திறமை சார்ந்த ஆட்டம்னு சுப்ரீம் கோர்ட் 1996-லயே சொல்லியிருக்கு. அதுக்காக டீக்கடை பெஞ்சுல உக்காந்து போன்ல பந்தயம் பிடிக்கிறவங்ககிட்ட காசு குடுத்துடாதீங்க தம்பிகளா. அது சட்டவிரோதம், ஜெயிச்சாலும் பணம் வாங்க வழி கிடையாது. கடன் வாங்கிக் கட்டுறதும் வேண்டவே வேண்டாம்.

இப்போதைக்குப் பணம் போடாதீங்க. பழைய ரேஸ் புக் ஒண்ணு எடுத்து, ரிசல்ட்டைக் கையால மறைச்சு, இந்த வெயிட் கணக்கைப் போட்டு முதல் மூணு குதிரையை எழுதுங்க. அப்புறம் ரேஸ் வீடியோவைப் போட்டு, உங்க கணக்கு எந்தக் குதிரைகிட்ட தப்புச்சுன்னு பாருங்க. அடுத்த வீடியோவுல டிரா நம்பர், அதாவது எந்த கேட்லேருந்து கிளம்புதுங்கறது 1000 மீட்டர் ரேஸை எப்படி மாத்துதுன்னு பாப்போம்.